வாசகர் கேள்வி–பதில்: வாஷிங்டனில் ஆள் மாறினால் வெளியே எது மாறும்?

பெரிய நாடுகளின் வெளியுறவில் சித்தாந்தத்துக்கு எவ்வளவு இடம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அமெரிக்காவைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

*கேள்வி: 'நாட்டின் நலனே வெளியுறவுக் கொள்கை' என்கிறது பாடப் புத்தகம். தொலைக்காட்சி விவாதங்களில் எதற்கெடுத்தாலும் சித்தாந்தத்தைக் காரணம் சொல்கிறார்கள். தேர்வில் எதை எழுதுவது?*
— குரூப் 1 தேர்வர், திருநெல்வேலி

பதில்: இரண்டையும் எழுதலாம். ஆனால் சித்தாந்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று காட்டினால்தான் விடைக்குக் கனம் கூடும்.

முதல் வழி ஆள் நியமனம். அமெரிக்காவில் அதிபர் மாறும்போது சுமார் 4,000 பதவிகளில் புது ஆட்களை அமர்த்தலாம். அவற்றில் ஏறக்குறைய 1,300 பதவிகளுக்கு நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் வேண்டும். நம் நாட்டில் அமைச்சர் மாறினாலும் வெளியுறவுப் பணி (ஐ.எஃப்.எஸ்.) அதிகாரிகளின் வரிசை கலையாது. அங்கே வெளியுறவு அமைச்சருக்குக் கீழே துணை அமைச்சர், உதவி அமைச்சர், அதற்கும் அடுத்த படி வரைக்கும் கட்சிக்காரர்கள் வரலாம். தூதர்களில்கூட வழக்கமாக 30 சதவீதம் பேர் அரசியல் நியமனம். தேர்தலுக்கு நிதி திரட்டித் தந்தவர்களும் அதில் உண்டு. எந்தக் கோப்பு மேலே போக வேண்டும், எது கிடப்பில் கிடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த உதவி அமைச்சரின் மேசைதான். அதிபரின் மேடைப் பேச்சை விட இந்த நியமனப் பட்டியலைப் படிப்பது பயன் தரும்.

இரண்டாவது வழி ஒப்பந்தத்தின் வடிவம். உடன்படிக்கை என்ற தகுதி கிடைக்க வேண்டுமானால் செனட்டில் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2012 டிசம்பர் 4 அன்று மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு உருவான உடன்படிக்கை அது. போரில் காயமுற்று வலது கை செயலிழந்த முன்னாள் குடியரசுக் கட்சித் தலைவர் பாப் டோல், 89 வயதில் சக்கர நாற்காலியில் அவைக்கு வந்து அமர்ந்திருந்தார். ஆதரவு 61, எதிர்ப்பு 38. தேவை 66. ஐந்து வாக்கில் விழுந்தது. 'ஐ.நா. வந்து நம் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக்கூடாது என்று சொல்லிவிடும்' என்று, வீட்டிலேயே கல்வி கொடுக்கும் பெற்றோர் அமைப்புகள் கிளப்பிய அச்சம் பல செனட்டர்களை மாற்றியது. அமெரிக்கா இதனால் இழந்தது என்ன, பெற்றிருக்கக்கூடியது என்ன என்று கணக்குப் போட்டால் நலன் சார்ந்த விளக்கம் எதுவும் தேறாது.

இந்த மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காது என்று தெரிந்த அதிபர்கள் குறுக்கு வழியில் போகிறார்கள். 2015 ஜூலை 14-இல் ஈரானுடன் செய்த அணுசக்தி உடன்பாட்டை ஒபாமா செனட்டுக்கு உடன்படிக்கையாக அனுப்பவில்லை. அதனால் 2018 மே 8 அன்று டிரம்ப் ஒரு கையெழுத்தில் அதிலிருந்து வெளியேற முடிந்தது. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலும் இதே கதை: 2020-இல் வெளியே, 2021-இல் உள்ளே, 2025 ஜனவரி 20 அன்று மறுபடி வெளியேறும் உத்தரவு. கையெழுத்தால் வந்தது கையெழுத்தால் போகும் என்பதை எதிர்த்தரப்பு நாடுகள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டன. அடுத்த பேச்சுவார்த்தையில் 'உங்களுக்குப் பிறகு வருபவர் இதை மதிப்பாரா?' என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

மூன்றாவது சட்டம், நான்காவது உதவிப் பணத்தின் நிபந்தனை. அவற்றைக் கீழே வரும் கியூபா கேள்வியிலும் ஆப்பிரிக்க மருத்துவமனைகள் பற்றிய கேள்வியிலும் பாருங்கள்.

*கேள்வி: கியூபாவும் கம்யூனிஸ்ட் நாடு, வியட்நாமும் கம்யூனிஸ்ட் நாடு. வியட்நாமில் அமெரிக்கர்கள் 58,000 பேர் இறந்தார்கள். ஆனால் அது இன்று நண்பன், கியூபா பகைவன். என்ன நியாயம் இது?*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நியாயம் கேட்டால் கிடைக்காது, காரணம் கேட்டால் கிடைக்கும்.

கியூபா மீதான தடை 1960 அக்டோபரில் ஐசனோவர் காலத்தில் பாதியாகத் தொடங்கியது. 1962 பிப்ரவரியில் கென்னடி அதை முழுத் தடையாக்கினார். அப்போது அது அதிபரின் ஆணை. அடுத்த அதிபர் நீக்கியிருக்கலாம். நிலைமை மாறியது 1996-இல். அந்த ஆண்டு பிப்ரவரி 24 அன்று, புலம்பெயர்ந்த கியூபர்களின் அமைப்பு ஒன்றுக்குச் சொந்தமான இரண்டு சிறு விமானங்களைக் கியூப விமானப்படை சுட்டு வீழ்த்தியது. நால்வர் இறந்தார்கள். மார்ச் 12-இல் கிளின்டன் ஹெல்ம்ஸ்–பர்ட்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அது தேர்தல் ஆண்டு.

அந்தச் சட்டம் செய்த வேலை இது: அதுவரை ஆணையாக இருந்த தடையைச் சட்டமாக இறுக்கிவிட்டது. இனி காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் நினைத்தால்தான் முழுமையாக நீக்க முடியும். எப்போது நீக்கலாம் என்பதற்கும் பட்டியல் போட்டது. அரசியல் கைதிகள் விடுதலையாக வேண்டும், தேர்தலுக்கு ஏற்பாடு நடக்க வேண்டும், இடைக்கால அரசில் ஃபிடல் காஸ்ட்ரோவும் ராவுல் காஸ்ட்ரோவும் இருக்கக் கூடாது. இருவர் பெயரையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபிடல் 2016-இல் காலமாகிவிட்டார், சட்டத்தில் இன்னும் இருக்கிறார்.

நடைமுறையில் தடை எப்படி வேலை செய்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. அமெரிக்க நிறுவனங்கள் விற்பதில்லை என்பதோடு முடிகிற விஷயமில்லை. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிகத்துக்காகக் கியூபத் துறைமுகத்தைத் தொட்ட கப்பல், அனுமதி பெற்றாலொழிய, 180 நாளுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. கப்பல் கம்பெனிக்காரர் கணக்குப் போடுவார்: ஒரு கோடிப் பேருள்ள தீவா, உலகின் பெரிய சந்தையா? வேறு நாட்டில் தயாரான இயந்திரமாக இருந்தாலும், அதில் அமெரிக்கப் பாகங்களின் மதிப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் கியூபாவுக்கு அனுப்ப வாஷிங்டனின் உரிமம் வேண்டும். இதற்கு மேல் 'பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடு' பட்டியல் ஒன்று உண்டு. கியூபா 1982-இல் அதில் சேர்ந்தது, 2015-இல் நீங்கியது, 2021 ஜனவரி 12-இல் மறுபடி சேர்ந்தது. 2025 ஜனவரி 14 அன்று பைடன் நீக்குவதாக அறிவித்தார். ஆறாவது நாள் டிரம்ப் அதை ரத்து செய்தார். பட்டியலில் பெயர் இருக்கும்வரை ஐரோப்பிய வங்கிகள்கூட கியூபா என்ற பெயருள்ள பணப் பரிமாற்றத்தைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஐரோப்பியர் ஒருவர் ஹவானாவுக்குச் சுற்றுலா போய் வந்தால், விசா இல்லாமல் அமெரிக்கா போகும் சலுகையை இழந்து தூதரக வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஐ.நா. பொதுச் சபையில் 1992 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் இந்தத் தடைக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேறுகிறது. 2016-இல் ஒபாமா அரசு தன் சட்டத்துக்கு எதிரான அந்தத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியது, 191–0. 2024-இல் 187 நாடுகள் ஆதரவு, அமெரிக்காவும் இஸ்ரேலும் எதிர்ப்பு.

வியட்நாமுக்கு வருவோம். 1994 பிப்ரவரியில் தடை நீங்கியது, 1995 ஜூலையில் தூதரக உறவு. முன்னின்று வழிவிட்டவர்கள் போரில் இருந்த செனட்டர்கள். ஜான் மெக்கெய்ன் ஐந்தரை ஆண்டு ஹனோய் சிறையில் கிடந்தவர். அவரே சரி என்ற பிறகு யார் தேசபக்திப் பாடம் எடுப்பது? 2016-இல் ஆயுத விற்பனைத் தடையும் போனது. தென் சீனக் கடலில் சீனாவோடு உரசிக்கொண்டிருக்கும் சுமார் 10 கோடிப் பேர் கொண்ட நாடு வாஷிங்டனுக்குத் தேவை. அமெரிக்காவில் குடியேறிய வியட்நாமியர்களும் கடுமையான கம்யூனிச எதிர்ப்பாளர்கள்தான். ஆனால் அவர்கள் அதிகம் வாழ்வது கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும். அதிபர் தேர்தலில் அந்த மாநிலங்களின் முடிவு பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். கியூபர்கள் வாழ்வது ஃபுளோரிடாவில். 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலையே அந்த மாநிலம் 537 வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தது.

எனவே எங்கள் கணிப்பு: எதிரே இருக்கும் நாடு சிறியது, அதோடு பகைப்பதால் நமக்குச் செலவில்லை, உள்ளூரில் வாக்கு உண்டு என்ற மூன்றும் கூடும் இடத்தில்தான் சித்தாந்தம் முழு விறைப்பில் நிற்கும். கியூபா விஷயத்தில் கொள்கைப் பிடிப்பு என்பது வாஷிங்டனுக்கு நோகாமல் நோன்பு கும்பிடுவது.

*கேள்வி: குடியரசுக் கட்சி என்றால் போர், ஜனநாயகக் கட்சி என்றால் சமாதானம், சரிதானே?*
— ஆட்டோ ஓட்டுநர், சேலம்

பதில்: இல்லை. கொரியப் போரில் இறங்கியவர் ட்ரூமன், வியட்நாமில் படையைப் பெருக்கியவர்கள் கென்னடியும் ஜான்சனும். மூவரும் ஜனநாயகக் கட்சி. கொரியாவில் போர்நிறுத்தம் கண்டவர் குடியரசுக் கட்சி ஐசனோவர். 1972 பிப்ரவரியில் மாவோவைத் தேடிப் போனவர், கம்யூனிஸ்ட் வேட்டையாலேயே அரசியலில் பெயரெடுத்த நிக்சன். ஜனநாயகக் கட்சிக்காரர் எவராவது அப்படிப் போயிருந்தால் 'விலைபோய்விட்டார்' என்று முதலில் கூவியிருப்பவரும் நிக்சனாகத்தான் இருந்திருப்பார்.

*கேள்வி: அமெரிக்க அதிபர் பதவியேற்றதும் ஒரு தாளில் கையெழுத்திட, ஆப்பிரிக்காவில் மருத்துவமனைகள் மூடப்படுகின்றன என்று படித்தேன். ஒரு கையெழுத்தால் இது எப்படி நடக்கும்?*
— கிராம சுகாதாரச் செவிலியர், விழுப்புரம்

பதில்: 'மெக்சிகோ சிட்டி கொள்கை' என்பது அதன் பெயர். கருக்கலைப்போடு தொடர்புடைய வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்க உதவியை மறுக்கும் ஆணை அது. 1984 ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் ரீகன் அரசு அறிவித்தது. 1993-இல் கிளின்டன் நீக்கினார், 2001-இல் புஷ் கொண்டுவந்தார், 2009-இல் ஒபாமா நீக்கினார், 2017-இல் டிரம்ப், 2021-இல் பைடன், 2025-இல் மீண்டும் டிரம்ப். எல்லாமே பதவியேற்ற சில நாளுக்குள். கருக்கலைப்பு உரிமை குறித்த 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நினைவு நாள் ஜனவரி 22 என்பதால், பெரும்பாலும் அதை ஒட்டியே கையெழுத்து விழும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அமெரிக்க உதவிப் பணத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்பது 1973 முதலே சட்டம். எந்தக் கட்சி ஆண்டாலும் அது உண்டு. இந்த ஆணை அதைத் தாண்டிப் போகிறது: உதவி பெறும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், வேறு நாடு தந்த பணத்தில்கூட அதைச் செய்யக் கூடாது, ஆலோசனை சொல்லக் கூடாது, சட்டத்தைத் தளர்த்தும்படி தன் அரசிடம் கேட்கக் கூடாது. வன்கொடுமை, நெருங்கிய உறவில் உண்டான கரு, தாயின் உயிருக்கு ஆபத்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

2025 வரை நடைமுறை இப்படி இருந்தது: ஆணை வந்ததும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் தன் மானிய ஒப்பந்தப் படிவத்தில் புதுப் பத்தி சேர்க்கும். ஏற்கெனவே ஓடும் திட்டத்துக்கு அடுத்த தவணைப் பணம் சேர்க்கும்போது அந்தப் பத்தியோடு திருத்தம் வரும். கையெழுத்துப் போட்டால் பணம். போடாவிட்டால், கருத்தடை மாத்திரை, ஊசி, காப்பர்-டி ஆகியவற்றுக்கு வந்த பணமும் சேர்ந்து நிற்கும். 2017-இல் இந்த நிபந்தனையைக் குடும்பக் கட்டுப்பாட்டு நிதியிலிருந்து, எச்.ஐ.வி., மலேரியா உள்ளிட்ட உலகச் சுகாதார நிதி அனைத்துக்கும் விரித்தார்கள். அதுவரை சுமார் 60 கோடி டாலர் நிதிக்கு மட்டும் இருந்த நிபந்தனை 880 கோடி டாலர் நிதிக்கு விரிந்தது. பெரிய சர்வதேச அமைப்புகள் இரண்டு கையெழுத்திட மறுத்தன. அவை நடத்திய நடமாடும் முகாம்கள் குறைந்தன.

என்ன கோளாறு ஆகிறது? கருத்தடைச் சாதனம் கிடைக்காத இடத்தில் வேண்டாத கர்ப்பம் கூடுகிறது. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே 26 நாடுகளின் தரவை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வு, அமெரிக்க உதவியை அதிகம் நம்பியிருந்த நாடுகளில் இந்த ஆணை இருந்த காலத்தில் கருக்கலைப்பு சுமார் 40 சதவீதம் கூடுதலாக இருந்ததாகக் காட்டியது. ஆணையின் நோக்கத்துக்கு நேர் எதிர். இன்னொன்று உங்கள் தொழிலில் நீங்களே ஊகிக்கக்கூடியது. கலைப்புக்குப் பிந்தைய சிகிச்சைக்குத் தடையே கிடையாது. ஆனால் கணக்குத் தணிக்கைக்குப் பயந்து உள்ளூர் நிறுவனங்கள் அதையும் நிறுத்திவிடுகின்றன. அடுத்த அதிபர் ஆணையை நீக்கினாலும் கலைந்துபோன ஊழியர்கள் உடனே திரும்ப வருவதில்லை. ஒப்பந்தத் திருத்தம் கடைசி கிளை நிறுவனம் வரை போய்ச் சேரவே மாதக்கணக்காகும். நான்கோ எட்டோ ஆண்டுக்கு ஒருமுறை இப்படி முன்னும் பின்னும் ஆடினால் எந்தத் திட்டமும் வேர் பிடிக்காது.

*கேள்வி: ஈராக்கில் அமெரிக்கா தோற்றது தவறான உளவுத் தகவலாலா, கொள்கை வெறியாலா?*
— பொறியாளர், துபாய்

பதில்: படையெடுப்புக்குப் பேரழிவு ஆயுதம் என்ற பொய்த்துப்போன காரணம். அதற்குப் பின் வந்த சீரழிவுக்கு உளவுத்துறையைக் குறை சொல்ல முடியாது. அது கொள்கை செய்த வேலை.

சதாம் உசேனை அகற்ற வேண்டும் என்பது 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பிறந்த எண்ணமே இல்லை. 1998 ஜனவரியில் ஒரு வலதுசாரிச் சிந்தனைக் குழு அதைக் கேட்டு கிளின்டனுக்குக் கடிதம் எழுதியது. கையெழுத்திட்டவர்களில் ரம்ஸ்ஃபெல்டும் உல்ஃபோவிட்ஸும் உண்டு. பின்னர் இவர்களே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் முதல் இரண்டு நாற்காலிகளில் அமர்ந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆட்சி மாற்றத்தை ஆதரிக்கும் சட்டம் கீழவையில் 360–38 என்று தேறியது. நியமனமும் சட்டமும் ஒரே திசையில் காத்திருந்தன.

அந்தச் சித்தாந்தத்தின் மையக் கருத்து எளியது: கொடுங்கோலனை அகற்றினால் ஜனநாயகம் தானே முளைக்கும். அது உண்மையென்றால் பெரும்படை தேவைப்படாது. 2003 பிப்ரவரி 25 அன்று தரைப்படைத் தளபதி ஷின்செகி, போருக்குப் பிறகு 'பல லட்சம்' வீரர்கள் வேண்டியிருக்கும் என்று செனட் குழுவில் சொன்னார். இரண்டு நாள் கழித்து உல்ஃபோவிட்ஸ் அது உண்மைக்கு வெகு தூரம் என்று மறுத்தார். போனது சுமார் ஒன்றரை லட்சம் அமெரிக்க வீரர்கள். பாக்தாத் விழுந்ததும் ஆயுதக் கிடங்குகளைக் காவல் காக்க ஆள் இல்லை. அல் ககா என்ற ஒரே வளாகத்திலிருந்து 300 டன்னுக்கு மேல் உயர்ரக வெடிமருந்து காணாமல் போனது.

அடுத்து, ஈராக்கை ஆண்ட அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் இரண்டு ஆணைகள். மே 16: ஆணை எண் 1. சதாமின் ஆளுங்கட்சியான பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலைகளில் இருந்தவர் எவரும் அரசு வேலையில் இருக்கக் கூடாது. நான்காவது படி என்பது ஏறக்குறைய வட்டச் செயலாளர் அளவு. அந்த நாட்டில் பள்ளித் தலைமை ஆசிரியர், மின்வாரியப் பொறியாளர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர் போன்ற பதவிக்குப் போகவே கட்சிப் படி ஏற வேண்டியிருந்தது. குற்றம் செய்தாரா என்று பார்க்காமல் படியைப் பார்த்து நீக்கியதால், துறைகளை நடத்தத் தெரிந்தவர்கள் ஒரே நாளில் வெளியே போனார்கள். இதைச் சரிபார்க்கும் அதிகாரம் பின்னர், வெளிநாட்டிலிருந்து திரும்பிய சதாம் எதிர்ப்பாளர் அகமது சலபியின் கைக்குப் போக, அது அரசியல் பழிவாங்கலாக மாறியது. மே 23: ஆணை எண் 2. சுமார் 3,85,000 பேர் கொண்ட ராணுவம் கலைப்பு. ஓய்வூதியம் பற்றித் தெளிவில்லை. ஜூன் மாதம் முன்னாள் வீரர்கள் போராட, துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அதன் பிறகே மாதம் 50 முதல் 150 டாலர் வரை உதவித்தொகை என்று அறிவிப்பு. ஏறக்குறைய ஒரு மாதம் தாமதம். ஆயுதம் கையாளத் தெரிந்த, அவமானப்பட்ட, சம்பளமில்லாத மனிதர்கள் அந்த ஒரு மாதத்தில் எங்கே போனார்கள் என்பதைப் பின்னாளில் ஐ.எஸ். அமைப்பின் தளபதிகள் பட்டியல் காட்டியது. அதில் பலர் பழைய ஈராக் ராணுவ அதிகாரிகள்.

பலர் கவனிக்காதது பொருளாதார ஆணைகளை. சுங்க வரி நிறுத்தம். வருமான வரி உச்சவரம்பு 15 சதவீதம். செப்டம்பரில் வந்த ஆணை எண் 39, எண்ணெய் முதலான இயற்கை வளம் தவிர மற்றத் தொழில்களில் வெளிநாட்டவர் 100 சதவீதம் உரிமை வைத்துக்கொள்ள அனுமதித்தது. தங்கள் நாட்டில் காங்கிரஸ் ஒருபோதும் விடாத தாராளமயத்தை அங்கே சோதித்துப் பார்த்தார்கள். பாக்தாத் பங்குச் சந்தையைத் திறக்கும் பொறுப்பு, நிதித்துறை அனுபவமே இல்லாத 24 வயது இளைஞருக்குப் போனது. ஆள் தேர்வில் அரபு மொழி தெரியுமா என்பதை விடக் கட்சி விசுவாசம் முன்னே நின்றது. விளைவு: மின்சாரம் இல்லாமல் நின்ற அரசு ஆலைகள் வரியில்லாத இறக்குமதியோடு போட்டியிட முடியாமல் படுத்தன. ஆக்கிரமித்த நாடு இருக்கும் சட்டங்களை மதிக்க வேண்டும் என்கிறது 1907-ஆம் ஆண்டு ஹேக் விதிகளின் 43-ஆவது பிரிவு. எனவே வாங்கிய சொத்து நாளை செல்லுமா என்ற சந்தேகத்தில் முதலீட்டாளரும் வரவில்லை.

*கேள்வி: 1971-இல் ஜனநாயக இந்தியாவை விட்டு, ராணுவ ஆட்சி நடந்த பாகிஸ்தான் பக்கம் ஏன் நின்றார்கள்?*
— வாசகர், காரைக்குடி

பதில்: அது நலன் சித்தாந்தத்தை ஓரங்கட்டிய இடம். நிக்சனுக்குப் பெய்ஜிங்குக்கு ரகசிய வழி தேவைப்பட்டது; அந்தத் தூது பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் வழியே நடந்தது. 1971 ஜூலையில் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று போக்குக் காட்டிவிட்டு பெய்ஜிங் போய் வந்தார். டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், அங்கு பாகிஸ்தான் ராணுவம் நடத்திய படுகொலைகளைக் கண்டிக்காத தன் அரசின் போக்கை எதிர்த்து ஏப்ரல் 6 அன்று தந்தி அனுப்பினார்; 20 அதிகாரிகள் கையெழுத்திட்டிருந்தார்கள். அவருக்குக் கிடைத்தது இடமாற்றம். கிஸ்ஸிஞ்சர் கொடுத்த குறிப்பின் கீழே நிக்சன் தன் கைப்பட, யாஹ்யாவை இப்போது நெருக்க வேண்டாம் என்று எழுதி, 'வேண்டாம்' என்பதற்கு மூன்று முறை அடிக்கோடிட்டார். ஆகஸ்ட் 9-இல் இந்தியா சோவியத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. டிசம்பரில் என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது.

*கேள்வி: அரசுக்குள்ளேயே எதிர்த்துச் சொல்ல யாரும் இல்லையா?*
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உண்டு, அதற்கு முறையான ஏற்பாடே இருக்கிறது. 1971-இல் தொடங்கிய 'மறுப்புக் கருத்து வழி' மூலம் வெளியுறவுத் துறையின் எந்த அதிகாரியும் நேராக மேலிடத்துக்கு எழுதலாம். கொள்கைத் திட்டப் பிரிவு வழக்கமாக 30 முதல் 60 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். 2016-இல் சிரியா பற்றி 51 பேர் எழுதினார்கள், 2017-இல் சில முஸ்லிம் நாட்டவர் அமெரிக்கா வர டிரம்ப் விதித்த பயணத் தடையை எதிர்த்துச் சுமார் 1,000 பேர். இரண்டிலும் கொள்கை அசையவில்லை.

பயம் ஏன் என்பதற்குப் பழைய பாடம் ஒன்று போதும். சீனாவில் கம்யூனிஸ்டுகள் வெல்வார்கள் என்று 1940-களில் முன்கூட்டியே அறிக்கை எழுதிய ஜான் சர்வீஸ், ஜான் பேட்டன் டேவிஸ் போன்றோரை, செனட்டர் மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையில் விசுவாசமற்றவர்கள் என்று முத்திரை குத்தி 1951, 1954 ஆண்டுகளில் வெளியேற்றினார்கள். சர்வீஸுக்கு 1957-இல் உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது. ஆனால் நாற்காலி வேறு ஆளிடம் போய்விட்டது. 1960-களில் வியட்நாமில் ஆழ இறங்கியபோது, 'சீனாவும் வியட்நாமும் நூற்றாண்டுப் பகையாளிகள்' என்று எடுத்துச் சொல்லும் தகுதியான ஆள் மேல்மட்டத்தில் இல்லை. இதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டவர் அந்தப் போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவே.

*கேள்வி: அமெரிக்காவை மட்டும் சொல்கிறீர்களே, சோவியத்தும் சீனாவும் யோக்கியமா?*
— வாசகர், கோவில்பட்டி

பதில்: கேள்விகள் அமெரிக்காவைப் பற்றி வந்ததால் பதிலும் அப்படி. சோவியத்தின் ஆப்கானிஸ்தான் முடிவு படிக்க வேண்டிய ஒன்று. 1979 மார்ச்சில் ஹெராத்தில் கலவரம் வெடித்து, காபூல் அரசு சோவியத் படையை அனுப்பும்படி கேட்டபோது, மாஸ்கோ தலைமை மறுத்தது. மறுப்புக்கான வாதமே சித்தாந்தத்திலிருந்து வந்தது: எழுத்தறிவும் தொழிலும் வளராத அந்த நாடு சோஷலிசத்துக்குப் பக்குவப்படவில்லை என்றார் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் தலைவர் ஆந்த்ரோபோவ். டிசம்பரில் அதே ஆட்கள் படையை அனுப்பிவைத்தார்கள். காபூலில் ஆட்சியைப் பிடித்த அமீன் அமெரிக்கா பக்கம் சாய்வார் என்ற பயம், எல்லையில் சோஷலிச அரசு ஒன்று விழக்கூடாது என்ற பிடிவாதத்தோடு சேர்ந்துகொண்டது. ஒன்பது ஆண்டில் சுமார் 15,000 சோவியத் வீரர்கள் இறந்தார்கள். ஆப்கானியர் கணக்கு பல லட்சம். சீனாவோ, 1973-இல் சிலியில் இடதுசாரி அதிபர் அயெந்தேயைக் கவிழ்த்த பினோசேயுடன் உறவைத் தொடர்ந்தது. சோவியத் அந்த உறவை அறுத்துக்கொண்டது. மாஸ்கோ மீதிருந்த கோபம் பெய்ஜிங்குக்கு மார்க்ஸை விடப் பெரிதாக இருந்தது.

*கேள்வி: அன்றாடச் செய்தியைப் படிக்கும்போது எது வெறும் பேச்சு, எது கொள்கை என்று எப்படிப் பிரிப்பது?*
— நூலகர், நாகர்கோவில்

பதில்: செய்தியில் மூன்றைத் தேடுங்கள். வந்தது சட்டமா ஆணையா? சட்டம் என்றால், 'நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையென்றால் விலக்களிக்கலாம்' என்ற வரி உண்டா? பட்ஜெட்டில் பணம் குறைந்ததா கூடியதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத அறிவிப்பை அன்றைய தலைப்புச் செய்தி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலக்களிக்கும் அந்த வாசகம் இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள் என்பதற்கு எகிப்து உதாரணம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை ராணுவம் கவிழ்த்தால் உதவியை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் சொல்கிறது. 2013 ஜூலை 3 அன்று கெய்ரோவில் அதிபர் மோர்சியை ராணுவம் அகற்றியது. எகிப்துக்கு ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி போய்க்கொண்டிருந்தது. நடந்தது ராணுவக் கவிழ்ப்புதானா என்று முறைப்படி தீர்மானித்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று வெளியுறவுத் துறை சொல்லி, தீர்மானிக்காமலே விட்டுவிட்டது. அக்டோபரில் டாங்கிகள், எஃப்-16 விமானங்கள் போன்ற சில தளவாடங்களை மட்டும் நிறுத்தி வைத்து, 2015-இல் அதையும் விடுவித்தது.

நைஜரில் 2023 ஜூலை 26 அன்று கவிழ்ப்பு நடந்தது. அங்கே அகடெஸ் நகரில் அமெரிக்காவின் ட்ரோன் தளம் இருந்தது. இந்த முறை கவிழ்ப்பு என்று அறிவித்தார்கள், ஆனால் அக்டோபர் 10 அன்று. அதுவரை பேசிப் பார்த்தார்கள். அடுத்த மார்ச்சில் நைஜர் ஆட்சியாளர்களே ராணுவ உடன்பாட்டை ரத்து செய்ய, 2024 செப்டம்பருக்குள் அமெரிக்கப் படை காலி செய்துவிட்டது.